பெற்றோர்–பள்ளித் தொடர்பு: திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதி

பெற்றோர்–பள்ளித் தொடர்பு என்பது பள்ளியில் நடப்பதைக் குடும்பத்துக்குத் தெரிவிப்பதையும், பள்ளியின் முடிவுகளில் குடும்பத்துக்கு இடம் கொடுப்பதையும் குறிக்கும். இரண்டும் வேறு வேறு. காலாண்டு மதிப்பெண்ணை ரேங்க் கார்டில் எழுதிக் கையெழுத்துக்கு அனுப்புவது முதலாவது. கழிப்பறைக்கு வந்த பணம் எப்படிச் செலவானது என்று ஒரு தாய் கூட்டத்தில் எழுந்து கேட்பது இரண்டாவது. முதலாவது தமிழ்நாட்டில் பல தலைமுறைப் பழக்கம். இரண்டாவது 2010-க்குப் பிறகுதான் சட்ட உரிமை ஆனது.

தொடக்கப் பள்ளியில் இந்தத் தொடர்பு தானாகவே நடந்துவிடுகிறது. பிள்ளையைக் கொண்டுவந்து விடும் அம்மா வாசலில் டீச்சரைப் பார்க்கிறார், இரண்டு வார்த்தை பேசுகிறார், அதுவே போதும். உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் அந்த வாசல் சந்திப்பு நின்றுவிடுகிறது. பிள்ளை பஸ்ஸிலோ சைக்கிளிலோ தானே போகிறது. பதினைந்து வயதில், அம்மா பள்ளிக்கு வருவதையே கூச்சமாக நினைக்கிறது. படிப்பும் பெற்றோருக்குப் பிடிபடாத உயரத்துக்குப் போய்விடுகிறது. எட்டாம் வகுப்போடு நின்ற தந்தை, மகளின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடிவைப்பார். பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் முடிவுகள் எல்லாம் குவிவதோ இந்த ஆண்டுகளில்தான்.

பகுதி

ரமணாசிரமம் திருவண்ணாமலையில் செங்கம் சாலையில், அண்ணாமலையின் தென்புறம், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. இந்தப் பகுதிக் குடும்பங்களின் பிழைப்பு ஆசிரமத்துக்கும் மலைக்கும் வருகிறவர்களைச் சார்ந்தது. ஆட்டோ ஓட்டுவோர், விடுதிகளில் சமைப்போர், அறை துடைப்போர், பூக்கடை, இளநீர், டீக்கடை வைத்திருப்போர், வெளிநாட்டவருக்கு வீடு பார்த்துக் கொடுப்போர் என்று பலர்.

இவர்களுடைய ஆண்டு, பள்ளியின் ஆண்டோடு ஒத்துப்போவதில்லை. வெளிநாட்டவர் அதிகம் வரும் காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. கார்த்திகை தீபம் நவம்பர் பிற்பாதியிலோ டிசம்பரிலோ வரும். 2024-இல் டிசம்பர் 13 அன்று வந்தது. அரையாண்டுத் தேர்வு டிசம்பரில். அதன் முடிவு வந்து, பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் யார் பின்தங்கியிருக்கிறார்கள் என்று ஆசிரியர் கண்டுகொண்டு பெற்றோரை அழைப்பது ஜனவரியில். அந்த மாதத்தில்தான் தாய்க்கு விடுதியில் லீவு கிடைக்காது. தந்தை ஆட்டோவை நிறுத்தினால் அன்றைய வருமானம் போய்விடும். பௌர்ணமி இரவு மலையைச் சுற்ற வரும் கூட்டத்தால் கடைகளில் விடிய விடிய வியாபாரம். மறுநாள் காலைக் கூட்டத்துக்கு வரச் சொன்னால் தூக்கக் கண்ணோடு எத்தனை பேர் வருவார்கள்?

"பேரன்ட்ஸுக்கு அக்கறையே இல்லை" என்பது ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கும் பேச்சு. இந்தப் பகுதியைப் பொறுத்தவரை அது தவறான முடிவு. வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை என்ற நிலையில் இருப்பவருக்கு, கூட்டத்தின் நாளும் நேரமும்தான் பெரிய தடை. பௌர்ணமி நாளைப் பஞ்சாங்கம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதைப் பார்த்துக் கூட்டத் தேதி குறிப்பதற்குத் தனி அரசாணை தேவையில்லை.

வரலாறு

இந்தப் பகுதிக்குப் பெயர் தந்தவரின் வாழ்க்கையிலேயே பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையிலான ஒரு பிரிவு இருக்கிறது. பின்னாளில் ரமண மகரிஷி ஆன வெங்கடராமன் மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார். ஆங்கில இலக்கணப் பாடத்தைப் படிக்காததற்குத் தண்டனையாக அதை மூன்று முறை எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். 1896 ஆகஸ்ட் 29 அன்று அதை எழுதிக்கொண்டிருந்தவர் பாதியில் விட்டுவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். அண்ணன் நாகசாமி கடிந்துகொண்டார். வெங்கடராமன், பள்ளியில் மின்சாரம் பற்றிய சிறப்பு வகுப்பு இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கான ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனார். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். அவர் இருக்கும் இடம் வீட்டுக்குத் தெரியவந்தது 1898-இல்தான். தாய் அழகம்மாள் அந்த ஆண்டு டிசம்பரில் பவழக்குன்றுக்கு வந்து மகனைக் கண்டார்.

அவருடைய பயணத்தின் ஆன்மிகப் பொருள் வேறு. இங்கே கவனிக்க வேண்டியது அக்காலப் பள்ளியின் நடைமுறை. சிறப்பு வகுப்பு உண்டா இல்லையா என்று வீடு சரிபார்க்க வழியில்லை. வகுப்பில் கவனம் சிதறும் மாணவனைப் பற்றி வீட்டுக்குச் சொல்லப் பள்ளியிலும் ஏற்பாடு இருந்ததாகத் தெரியவில்லை. அவர் வீட்டை விட்டுப் போனதற்கு அடுத்த ஆண்டு, 1897-இல், அமெரிக்காவில் ஆலிஸ் மெக்லெல்லன் பர்னியும் ஃபீபி ஹெர்ஸ்டும் தாய்மார்களின் தேசிய மாநாட்டைக் கூட்டினார்கள். பின்னாளில் பல நாடுகளில் பரவிய பி.டி.ஏ., அதாவது பெற்றோர் ஆசிரியர் கழகம், என்ற வடிவம் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

இந்தியாவில், 1952-இல் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, ஒரே இறுதித் தேர்வை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு மாணவருக்கும் தொடர்ச்சியான பதிவேடு இருக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் ஊரையே பள்ளிக்குள் கொண்டுவந்தவர் காமராஜர் ஆட்சியில் பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு. அவர் முனைப்பில் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கின. பள்ளிக்கு என்ன தேவை என்று பட்டியல் போட்டு ஊர் மக்கள் முன் வைத்தார்கள். பெஞ்சு, கரும்பலகை, நிலம் என்று மக்கள் மேடையிலேயே ஏற்றுக்கொண்டார்கள். மதிய உணவின் முதல் கட்டமும் இப்படி ஊர்ப் பங்களிப்போடுதான் நடந்தது. ஆனால் அந்த இயக்கம் மக்களிடம் கேட்டது பொருளைத்தான். பள்ளி எப்படி நடக்க வேண்டும் என்ற கருத்தை அது கேட்கவில்லை.

1960-களில் பரவிய பெற்றோர் ஆசிரியர் கழகங்களும் ஏறக்குறைய அதே தடத்தில் போயின. பொதுத்தேர்வு எழுதியவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது அது வெளியிட்ட வினா வங்கிப் புத்தகம். ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால் கழகமே சிறு சம்பளத்தில் ஒருவரை நியமிக்கும், 'பி.டி.ஏ. டீச்சர்' என்ற சொல் இப்படி வந்தது. பல பள்ளிகள் ஓடியதே இதனால்தான் என்பது உண்மை. தலைவர் பதவி ஊர்ப் பெரியவருக்கோ கட்சிக்காரருக்கோ போய், சாதாரணப் பெற்றோர் சந்தா கட்டுபவராக மட்டும் நின்றதும் பல ஊர்களில் உண்மை.

பள்ளி மேலாண்மைக் குழு

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இதை மாற்ற முயன்றது. அதன் 21-ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், மொத்தத்தில் பாதி பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், அரசு தரும் பணம் செலவாவதைக் கண்காணிப்பதும் குழுவின் வேலை. சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்குமானது. ஒன்பதாம் வகுப்பு முதல் தனித் திட்டத்தின் கீழ் அமைந்த குழுக்கள், 2018-இல் திட்டங்கள் இணைந்தபோது ஒன்றுகலந்தன. தனியார் சுயநிதிப் பள்ளிகளை இந்தப் பிரிவு கட்டுப்படுத்தாது. உதவிபெறும் பள்ளிகளில் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டும்தான் என்று 2012 திருத்தம் கூறுகிறது. திருவண்ணாமலை போன்ற ஊர்களில் மூன்று வகைப் பள்ளிகளும் அருகருகே இருப்பதால், ஒரே தெருவில் குடியிருக்கும் இரண்டு தாய்மார்களின் உரிமை ஒரே அளவில் இருப்பதில்லை.

பத்தாண்டுகள் பெரும்பாலும் தாளில் இருந்த குழுக்களுக்கு 2022-இல் உயிர் வந்தது. மார்ச் 20 அன்று, 'நம் பள்ளி நம் பெருமை' என்ற பெயரில், மாநிலத்தின் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஒரே நாளில் பெற்றோர் கூட்டம் நடந்தது. தொடர்ந்து குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டன. 20 உறுப்பினர்களில் 15 பேர் பெற்றோர். தலைவர் பதவி ஒரு தாய்க்கு. 2024-இல் மீண்டும் அமைத்தபோது முன்னாள் மாணவர்களும் சேர்ந்து எண்ணிக்கை 24 ஆனது. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் கூட்டம். தீர்மானங்களைக் கைப்பேசிச் செயலியில் ஏற்ற வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகமும் ஓய்ந்துவிடவில்லை: 'பெற்றோரைக் கொண்டாடுவோம்' என்று மண்டல மாநாடுகளை நடத்தியது, 2025 பிப்ரவரி 22 அன்று கடலூர் மாவட்டம் திருப்பயரில் நடந்ததில் முதலமைச்சர் கலந்துகொண்டார்.

குழுவின் பயன் என்ன என்பதற்கு 2023 மார்ச் ஒரு சான்று. 13-ஆம் தேதி தொடங்கிய பிளஸ் டூ பொதுத்தேர்வில், தமிழ்த் தாளுக்கு 50 ஆயிரம் பேர் வரவில்லை. அவர்களைத் தேடிக் கண்டுபிடித்துத் துணைத்தேர்வுக்குக் கொண்டுவரப் பள்ளிக்கல்வித் துறை நாடியது மேலாண்மைக் குழுக்களைத்தான். எந்த வீட்டுப் பிள்ளை வேலைக்குப் போய்விட்டது, எந்தப் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று தெருவில் இருப்பவர்களுக்கே தெரியும்.

செய்தி சேரும் வழி

இப்போது பள்ளியிலிருந்து வீட்டுக்குச் செய்தி போகும் முக்கிய வழி கைப்பேசி. மாணவர் விவரங்கள் 'எமிஸ்' தளத்தில் பெற்றோர் எண்ணோடு பதிவாகின்றன, ஓ.டி.பி. அனுப்பி எண்ணைச் சரிபார்க்கிறார்கள். பொதுத்தேர்வு முடிவு குறுஞ்செய்தியாக வருகிறது. வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. வசதிதான். ஆனால் 2020, 2021 ஊரடங்கில் பாடத்துக்காகப் பிள்ளையின் கைக்குப் போன ஃபோன் பல வீடுகளில் திரும்பி வரவே இல்லை. வகுப்புக்கு வராததைப் பெற்றோருக்குத் தெரிவிக்கும் செய்தியை முதலில் படிப்பவர், வகுப்புக்கு வராத மாணவரே. படித்துவிட்டு அழித்தும் விடுகிறார். பிறகு எந்தப் பள்ளியிலும் கேட்கக்கூடிய பேச்சு நடக்கிறது:

"ஏம்மா, பையன் நாலு நாளா வரலியே, மெசேஜ் போட்டேனே?"

"தெனமும் பையை மாட்டிக்கிட்டுத்தானே சார் கிளம்புறான்!"

இதற்கு மாற்று செலவில்லாதது. அம்மாவின் எண், அப்பாவின் எண், பக்கத்து வீட்டு நம்பகமான ஒருவரின் எண் ஆகிய மூன்றையும் கிளாஸ் டீச்சர் தம் நோட்டில் எழுதிவைத்து, இரண்டாம் நாளே குரலில் பேசுவது. எழுதப் படிக்கச் சிரமப்படும் தாய்க்கு எழுத்தில் வரும் செய்தியைவிட ஒரு நிமிடப் பேச்சு பெரிது. அந்த ஒரு நிமிடத்தில் நல்ல சேதியும் இருக்க வேண்டும். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே புகார்தான் என்று பழகிவிட்ட வீடு, நாளடைவில் ஃபோனை எடுக்காது. "பேரன்ட்ஸைக் கூட்டிட்டு வா" என்பதைத் தண்டனையாகவே பயன்படுத்திவிட்டு, அதே பெற்றோர் கூட்டத்துக்கு ஆவலாக வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையல்ல.

கூட்டத்தை நடத்தும் விதமும் பார்க்க வேண்டியது. மகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கும் அம்மாவின் முன், முதல் மதிப்பெண் யார், கடைசி யார் என்று வரிசையாக வாசித்தால், கடைசிப் பிள்ளையின் தாய் மறுமுறை வரமாட்டார். பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழ்நாடு 2017-இலேயே கைவிட்டது. வகுப்பறையிலும் அது நின்றாக வேண்டும்.

காலம் கடந்த செய்தி

பெற்றோருக்குச் செய்தி போனால் மட்டும் போதாது. முடிவெடுக்கும் நாளுக்கு முன்னால் போக வேண்டும். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. அதைப் பெறப் பொதுவாக ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்றும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 அன்றும் தொடங்கின. இவற்றிலும் ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தார் என்ற கேள்வி உண்டு. சீசனில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், நல்லது செய்வதாக நினைத்து மகளை ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளியில் சேர்க்கும் ஆட்டோ ஓட்டுநருக்கு, டி.சி. வாங்கும் அன்று இதை யாராவது சொல்கிறார்களா? பிளஸ் டூ முடிந்து கவுன்சலிங் வரிசையில் நிற்கும்போது தெரிந்து என்ன பயன்?

எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வும் அப்படித்தான். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். வருமானச் சான்றிதழ் வாங்க வீட்டுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். பிளஸ் ஒன்னில் எந்த குரூப் என்பது பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில், கவுன்ட்டர் முன் நின்று எடுக்கும் முடிவாக இருக்கக் கூடாது. அதை ஜனவரியிலேயே வீட்டாரோடு பேசியிருக்க வேண்டும்.

அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கும் எந்தப் பெற்றோரும், குழுவில் உறுப்பினராக இல்லாவிட்டாலும், மேலாண்மைக் குழு என்ன தீர்மானம் போட்டது என்று தலைமை ஆசிரியரிடம் கேட்கலாம். பள்ளியில் பதில் கிடைக்காவிட்டால், 2018 முதல் இயங்கும் கல்வி உதவி எண் 14417-ஐ அழைக்கலாம். பெண்ணுக்குப் பதினெட்டு வயதுக்கு முன் திருமணம் பேசுவது தெரிந்தால், 1098-ஐ யார் வேண்டுமானாலும் அழைக்கலாம். ஆறாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர், உள் ஒதுக்கீட்டு விதியை அன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.