உளவியல் பட்டதாரிகளுக்கு என்ன வேலை?



பிளஸ் டூ முடித்துவிட்டு பி.எஸ்சி. உளவியல் படிக்க விரும்பும் பிள்ளைகளிடம் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" என்பதுதான். இளையரசனேந்தல் போன்ற கரிசல் பூமி ஊர்களில், கடன் வாங்கிப் படிக்க வைக்கும் பெற்றோர் அப்படிக் கேட்பது நியாயமே. நாம் அறிந்ததைச் சுருக்கமாகத் தருகிறோம்.

முதலில் தெரிய வேண்டியது

மூன்றாண்டுப் பட்டம் மட்டும் ஒருவரை மருத்துவ உளவியலாளர் ஆக்காது. அதற்கு உரிய மேற்படிப்பு முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பதிவின்றித் தொழில் செய்வது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

இளநிலைப் பட்டத்துடன் முயலக்கூடியவை

1. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு: மிஷன் வாத்சல்யா திட்டத்தின் ஆற்றுப்படுத்துநர் பணிக்கு உளவியல் பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம். இது ஒப்பந்தப் பணி. மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தை அடிக்கடி பார்த்து வாருங்கள்.

2. அரசுத் தேர்வுகள்: டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, காவல்துறை எஸ்.ஐ. தேர்வுகளை மற்ற பட்டதாரிகளைப் போலவே எழுதலாம்.

3. தனியார் துறை: நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு, போதை மறுவாழ்வு மையங்கள், தொண்டு நிறுவனங்கள்.

4. ஆசிரியர் பணி: சிறப்புக் கல்வியில் பி.எட். முடித்தால், மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கலாம்.

மேற்படிப்பில் கவனம்

செலவு குறைவு என்று தொலைதூரக் கல்வியில் சேர நினைப்பவர்கள் கவனிக்கவும். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியலைத் தொலைதூர, ஆன்லைன் வழியில் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. அறிவித்துள்ளது. எனவே கல்லூரிக்கு நேரில் சென்று படிக்கும் எம்.எஸ்சி.யே பாதுகாப்பானது. மருத்துவ உளவியல் படிப்பு எங்கு நடந்தாலும், அதற்கு மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

நமக்கு ஏன் தேவை?

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பி ஓட வழியின்றித் தீக்கு இரையானார்கள். 28 உயிர்கள் பறிபோயின. துஆவும் வேண்டும், மருத்துவமும் வேண்டும் என்பதை நம் குடும்பங்களுக்கு நம் மொழியில் எடுத்துச் சொல்ல, முறையாகப் படித்தவர்கள் தேவை. ஆர்வமுள்ள பிள்ளைகளைப் பெற்றோர் தடுக்க வேண்டாம். ஜமாஅத்கள் கல்வி உதவித்தொகை வழங்கும்போது இந்தப் படிப்பையும் சேர்த்துக்கொண்டால், நாளை நம் ஊரிலேயே ஓர் உளவியலாளர் இருப்பார், இன்ஷா அல்லாஹ்.