மலைநாட்டு மணிக்கட்டு

கிள்ளான் பள்ளத்தாக்கின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் ஈயத்தையும் இரப்பரையும் இரயிலையும் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். அவற்றைத் தோண்டியும் வெட்டியும் ஏற்றியும் இறக்கியும் வைத்த கைகளையும் அவ்வப்போது மரியாதையாக நினைத்திருக்கிறார்கள். ஆனால் உள்ளங்கைக்கும் முன்கைக்கும் நடுவே, காப்பு அணியும் அந்த இரண்டங்குல ஸ்தானத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டென்று எண்ணியவர்கள் குறைவு.

1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டபின், கப்பலேறி வந்த ஜனங்களில் பெரும்பகுதியினர் போய்ச் சேர்ந்தது இரப்பர்ப் பால் மரத்துக்குத்தான். இருட்டோடு எழுந்து, ஆள்கணக்கெடுக்கும் பிரட்டில் நின்று பெயர் கொடுத்து, நெற்றி விளக்கோடு நிரைக்குள் நுழையும் தொழிலாளி, பழைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை உரித்துக் கூடையிலிட்டபின், உளியின் வாயைப் பட்டையில் பதித்து, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும் கோட்டில், ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில், மரத்தைச் சுற்றி நகர்ந்துகொண்டே சீவி இழுக்க வேண்டும். பட்டைக்குள் ஓடும் பால் குழாய்கள் நேர்நிலையில் நில்லாமல் சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுவதால், இந்தத் திசையில் வெட்டினால்தான் அதிகமான குழாய்கள் அறுபடும். சீவல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட கனமே இருக்கலாம். ஆழம் போதாவிடில் மங்குக் கிண்ணத்தில் பால் சேராது, மயிரிழை மிஞ்சினாலோ மரம் காயப்பட்டுப் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், கங்காணியின் வசவும் வந்து சேரும். இழுக்கும் பலம் தோளிலிருந்தும் இடுப்பிலிருந்தும் பிறக்கலாம். அந்த மயிரிழையை நிர்ணயிப்பது மணிக்கட்டு. ஒரு காலைப்பொழுதில் ஐந்நூறு மரம் அளவுக்கு இதே திருப்பம், அடுத்த நாளும் இதே திருப்பம், அப்படியே முப்பது வருஷம் என்று கணக்குப் பார்த்தால், மலாயாவின் ஏற்றுமதி வருமானம் எதன்மீது சுழன்றது என்பது விளங்கும்.

சரீர சாஸ்திரப்படி மணிக்கட்டு ஒரு மூட்டு அன்று, பல மூட்டுகளின் கூட்டம். சிறு பையிலிட்டு இறுக்கிக் கட்டிய கூழாங்கற்கள் போல எட்டு எலும்புகள் இரண்டு வரிசையாக அமைந்து, தசைநார்களின் கட்டுப்பாட்டில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி அசைகின்றன. அவற்றை அசைக்கும் தசைகள் முன்கையில் இருக்க, கயிறுகளாகிய நாண்கள் மட்டுமே மணிக்கட்டைக் கடந்து போகின்றன. பெருவிரலை ஊன்றிக் கையைத் திருப்பும் வேலைகளில், பெருவிரலுக்குச் செல்லும் இரண்டு நாண்களின் உறை தடித்து வலியெடுப்பதை ஸ்விட்ஸர்லாந்தின் அறுவை வைத்தியர் டி கெர்வான் 1895இல் வர்ணித்தார். தோட்டத்து லயக் குடியிருப்பில் அதே வலிக்கு நல்லெண்ணெயும் வெந்நீரும்தான் பரிகாரம். மறுநாள் பிரட்டுக்குப் போகாவிட்டால் கூலி கிடையாதென்பதால், ஓய்வு என்ற மருந்தை எவரும் எழுதித்தந்ததில்லை.

அக்காலத்து ஆங்கில வைத்தியத்தைக் குறை கூறுவது நியாயமாகாது. 1901இல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) திறந்தபோது மலேரியா அங்கே தொழிலாளரை வாரிக்கொண்டு போயிற்று. கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்ஸன் சதுப்பு நிலங்களை வடித்து, காட்டை அழித்து, அந்தக் காய்ச்சலை அடக்கியது உலகப் பிரசித்தி பெற்ற காரியம். உயிரைப் பறிக்கும் நோய் வாசலில் நிற்கையில், கையைச் சற்று வளைக்கும் நோவுக்குப் பதிவேட்டில் இடம் ஏது? தோட்டத்து டிரஸ்ஸர் ஐயாவும் கொய்னா கொடுக்கவும் புண்ணுக்குக் கட்டுப்போடவுமே நேரம் கண்டார்.

முறிவின் கதை வேறு. டப்ளின் நகரத்து அறுவை வைத்தியர் காலிஸ், கையை ஊன்றி விழுந்தவர்களுக்கு மணிக்கட்டருகே முன்கையின் ரேடியஸ் எலும்பு முறியும் விதத்தை 1814இல் எழுதியபோது, தொட்டுப் பார்த்தே எழுதினார். உள்ளே நடந்ததைக் கண்ணால் காண இன்னும் எண்பத்தோரு வருஷம் ஆயிற்று. 1895 டிசம்பரில் ஜெர்மன் விஞ்ஞானி ராண்ட்ஜன் தம் மனைவியின் கையை எக்ஸ்ரே படமாக எடுத்தார். இரண்டே ஆண்டில், 1897இல், அக்கருவி நம் தைப்பிங் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டதென்பது பலருக்கும் வியப்பைத் தரும். 1905இல் பிரான்ஸின் லியோன் நகரத்து வைத்தியர் டெஸ்டோ, எக்ஸ்ரேயைக் கொண்டு மணிக்கட்டையும் தொழில் விபத்துகளையும் பற்றித் தனி நூலே எழுதினார். பால் மரத்துத் தொழிலாளிக்கு அப்படியோர் ஆசிரியர் அப்போது வாய்க்கவில்லை.

அவனுக்கு வாய்த்தவர் கட்டு வைத்தியர். மழையில் வழுக்கும் மேட்டில் பால் சுமக்கும் காண்டா வாளியோடு விழுந்தவனின் கையை இழுத்து நேராக்கி, உளுந்துமாவும் முட்டை வெள்ளையும் குழைத்துப் பூசி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டும் இவர்களின் திறமையை இகழ்வது எளிது. ரேடியஸ் முறிவு பலவற்றை இவர்கள் செம்மையாகவே சேர்த்துவைத்தார்கள் என்பதே என் எண்ணம். அவர்களை ஏமாற்றிய எலும்பு ஒன்று உண்டு. எட்டில் ஒன்றான, படகு போன்ற ஸ்காஃபாய்டு என்பது அது. இரத்தம் அதற்கு விரல் பக்கத்து முனையிலிருந்தே பெரும்பாலும் பின்னோக்கிச் செல்வதால், நடுவே முறிந்தால் முன்கைப் பக்கத்துத் துண்டு உணவின்றிச் சாகக்கூடும். வெளியே கோணலும் தெரியாது, வீக்கமும் பெரிதாகாது. சுளுக்கென்று உருவிவிட்ட கை, பல வருஷம் கழித்து உளி பிடிக்க முடியாமற் போவது இவ்வழியில்தான். எக்ஸ்ரேயும் இவ்விஷயத்தில் பெருமை கொள்வதற்கில்லை. விழுந்த அன்று எடுத்த படத்தில் இந்த முறிவு பல சமயம் அகப்படுவதில்லை.

சட்டம் பின்னால் வந்தது. 1952ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் விரலுக்கு இத்தனை விகிதம், கைக்கு இத்தனை விகிதம் என்று அட்டவணையிட்டது; 1969இல் சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. துண்டான விரலை எண்ணலாம். தேய்ந்த மணிக்கட்டை எப்படி எண்ணுவது?

தோட்டத்துக்கு வெளியே, கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வேறு மாதிரி ஊர். செங்கற் சூளைகளால் பெயர் பெற்று, இரயில்வே குடியிருப்புகளால் தமிழர் பேட்டையாகி, பார்வையற்றோர் சங்கம் அங்கே நிலைகொண்டபின் பார்வையிழந்த மசாஜ்காரர்களின் வீதியாகவும் ஆயிற்று. அவர்களிடம் கை நீட்டியவர்களுக்குத் தெரியும்: முன்கையின் நாண்களை முழங்கையிலிருந்து வரிசையாகத் தடவி வரும் பெருவிரல், வலி இருக்கும் இடத்துக்கு நாம் சொல்லுமுன்பே போய் நின்றுவிடும். விழுந்து அடிபட்ட கையை மட்டும் முதலில் அவர்களிடம் கொண்டுபோகலாகாது.

மணிக்கட்டின் உள்ளே பார்ப்பதில் இன்று காந்த அலைப் படமான எம்.ஆர்.ஐ.யே அரசு செலுத்துகிறது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 1977இல் வெளியான ஆதிகாலப் படங்களுள் ஒன்று மனித மணிக்கட்டின் குறுக்குவெட்டு. 2007இல் பிரசுரமான ஓர் ஆய்வில், 14 முதல் 19 வயதுக்குட்பட்ட 496 இளைஞர்களின் மணிக்கட்டு இவ்விதம் படமெடுக்கப்பட்டது. நான்கு தேசத்தார் அவர்கள், மலேசியரும் அதில் உண்டு. பந்தாட்டத்தில் வயதை மறைத்து ஆடுவோரை, ரேடியஸ் எலும்பின் வளர்ச்சிக்கோடு மூடிவிட்டதா என்று பார்த்துப் பிடிப்பதே நோக்கம்.

தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிய கிள்ளானில், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கையைப் பிடித்துக்கொண்டு வரும் பையன்களின் பாட்டன்மார் பால் வெட்டியவர்களாக இருக்கக்கூடும். அனுபவமுள்ள டாக்டர், படத்தைப் பார்க்குமுன் வந்தவனின் பெருவிரலை விரிக்கச்சொல்லி, அதன் அடியில் நாண்களுக்கிடையே விழும் குழியை விரலால் அழுத்துகிறார். அங்கே வலித்தால், எக்ஸ்ரே ஒன்றுமில்லை என்று சொன்னாலும் மாவுக்கட்டுப் போட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடி படமெடுக்க வரச்சொல்கிறார், எம்.ஆர்.ஐ.க்கு இடம் கிடைத்தால் அத்தனை நாள் காத்திருக்க வேண்டியதில்லை.