கட்டில் யார் நிலத்தில் கிடக்கிறது

1992 ஏப்ரல் 12ஆம் தேதி பாரிஸுக்குக் கிழக்கே மார்ன்-லா-வாலேயில் டிஸ்னி நிறுவனம் தன் ஐரோப்பியப் பூங்காவைத் திறந்தபோது, அதனுடன் ஆறு விடுதிகளும் திறந்தன. எல்லாம் சேர்த்து சுமார் 5,200 அறைகள். ஒரு விடுதி நியூயார்க் நகரம் போல, ஒன்று கௌபாய் படங்களில் வரும் தெரு போல, ஒன்று நியூ மெக்ஸிகோவின் பாலைவன ஊர் போல, ஒன்று அமெரிக்கக் காட்டு மரமாளிகை போல. மைக்கேல் கிரேவ்ஸ், ராபர்ட் ஸ்டெர்ன், ஆன்டுவான் பிரெடாக் என்று அந்தக் காலத்தின் பெரிய கட்டடக் கலைஞர்களே வரைந்து கொடுத்தவை. கற்பனைக்குக் குறைவில்லை, செலவுக்கும் குறைவில்லை. ஆனால் முதல் குளிர்காலம் வந்ததும், ஆயிரத்துக்கு மேற்பட்ட அறைகள் கொண்ட நியூபோர்ட் பே கிளப்பை இழுத்து மூட வேண்டியதாயிற்று. 1993 செப்டம்பரில் முடிந்த கணக்காண்டில் நஷ்டம் 530 கோடி ஃபிராங்க். வட்டிச் சுமை, ஐரோப்பியப் பொருளாதார மந்தம் எனப் பல காரணங்கள் இருந்தன. இருந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. கேளிக்கைப் பூங்காவை ஒட்டி, குடும்பத்தோடு தங்குவதற்கென்றே வேடம் கட்டிய விடுதியை ஃபுளோரிடாவில் வைத்தால் நிரம்புகிறது. அதைவிட அழகாகப் பாரிஸ் அருகே வைத்தபோது ஏன் காலியாகக் கிடந்தது? இந்த வகை விடுதிகளின் வரலாற்றைக் குழந்தைகளின் கனவு, கதாபாத்திரங்கள், வர்ணங்கள் என்று எழுதுவதுதான் வழக்கம். நிலப்பத்திரத்தையும் சாலை வரைபடத்தையும் எடுத்து வைத்துப் படித்தால்தான் அது புரியும் என்பது என் வாதம்.

பாரிஸில் அத்தனை அறைகளை ஒரே மூச்சில் கட்டியதற்குப் பின்னால் ஒரு பழைய மனக்குறை இருந்தது. கலிஃபோர்னியாவின் அனஹைமில் 1955 ஜூலை 17ஆம் தேதி டிஸ்னிலேண்ட் திறந்தது. ஆரஞ்சுத் தோப்புகளாக இருந்த 160 ஏக்கரை வாங்கவும் அதில் பூங்கா கட்டவும் ஆன செலவு சுமார் 1.7 கோடி டாலர். அந்தப் பணத்தைத் திரட்ட வால்ட் டிஸ்னி தன் ஆயுள் காப்பீட்டின் பேரில் கடன் வாங்கினார். ஏபிசி தொலைக்காட்சிக்குப் பூங்காவில் பங்கு கொடுத்தார். விடுதி கட்ட மிச்சம் எதுவும் இல்லை. எனவே 'லோன் ரேஞ்சர்' தொடரின் உரிமையாளரான ஜாக் ராதர் என்பவரைக் கேட்டுச் சம்மதிக்க வைத்தார். அவர் கட்டிய டிஸ்னிலேண்ட் ஓட்டல் அதே ஆண்டு அக்டோபரில் திறந்தது. பெயர் டிஸ்னியுடையது, கல்லாப்பெட்டி ராதருடையது. அந்த ஓட்டலை வாங்க நிறுவனத்துக்கு 1988 வரை ஆயிற்று. ஓட்டலுக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். ஹார்பர் பொலிவார்ட், கட்டெல்லா அவென்யூ ஆகிய இரு சாலைகளிலும் மோட்டல்கள் வரிசைகட்டி எழுந்தன. கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர் ஒருவர், மொய் வாங்கியவர் பக்கத்து வீட்டுக்காரர் என்கிற கதை. இதற்கு மேல் 1983இல் டோக்கியோ. அங்கே பூங்கா ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் சொத்து. டிஸ்னிக்கு வந்தது உரிமத் தொகை மட்டுமே. இப்படி இரண்டு முறை விட்டதை மூன்றாம் முறை விடக்கூடாது என்ற பிடிவாதம்தான் பாரிஸின் 5,200 அறைகள்.

வேடம் போட்ட தங்குமிடம் என்ற யோசனையே டிஸ்னியுடையது என்று நினைப்பவர்கள் அந்த மோட்டல்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அந்தச் சாலைகளில் அல் ஸ்டோவால் என்பவர் 'ஸ்பேஸ் ஏஜ் லாட்ஜ்', 'காஸ்மிக் ஏஜ் லாட்ஜ்' என்று விண்வெளிப் பெயர்களில் மோட்டல்கள் நடத்தினார். பூங்காவுக்குள் இருந்த டுமாரோலேண்ட் என்ற எதிர்காலப் பகுதியின் சாயலை வெளியே தெருவுக்கு இழுத்து வந்தவர் அவர். சற்றுத் தள்ளிக் கடற்கொள்ளையர் கொடியின் பெயரில் ஜாலி ரோஜர் இருந்தது. அதற்கும் முன்பு, 1930களிலேயே, கென்டக்கி மாநிலத்தில் ஃபிராங்க் ரெட்ஃபோர்ட் செவ்விந்தியக் கூடார வடிவில் கான்கிரீட் அறைகள் கட்டி 'விக்வாம் வில்லேஜ்' நடத்தினார். அந்த வடிவத்துக்குக் காப்புரிமையும் வாங்கினார். ஆனால் இவர்களுக்கு வேடம் என்பது விளம்பரப் பலகை. மணிக்கு எண்பது கிலோமீட்டரில் போகும் காரை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். உள்ளே போனால் மற்ற மோட்டல்களில் இருக்கும் அதே கட்டில், அதே குளியலறை. போகிறவரை நிறுத்துவதற்கு இருந்த அந்த வேடம், வந்தவரை வெளியே விடாமல் வைத்திருப்பதற்கான கருவியாகப் பின்னால் மாறியது.

'குடும்பத்துக்கு ஏற்றது' என்ற பாதியும் பூங்காக்காரர்களிடமிருந்து வரவில்லை. 1951இல் கெம்மன்ஸ் வில்சன் என்ற மெம்பிஸ் வியாபாரி ஐந்து பிள்ளைகளோடு வாஷிங்டனுக்குக் காரில் போனபோது, வழி நெடுக மோட்டல்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு டாலர் கூடுதலாகக் கேட்டன. அந்த எரிச்சலில் அவர் அடுத்த ஆண்டு தொடங்கியதுதான் ஹாலிடே இன். பெற்றோருடன் தங்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை என்பது அதன் விதி. பூங்காவையும் கட்டிலையும் ஒரே கணக்கில் சேர்த்தவரைத் தேடினால் இங்கிலாந்துக்குப் போக வேண்டும். ஸ்கெக்னஸ் கடற்கரையில் 1927 முதல் ராட்டினமும் விளையாட்டு அரங்கமும் நடத்திய பில்லி பட்லின், 1936இல் அங்கேயே விடுமுறை முகாம் திறந்தார். காலைச் சிற்றுண்டி முடிந்ததும் விருந்தினரை மழையிலும் வெளியே அனுப்பி, மாலைதான் உள்ளே விடும் கடற்கரை விடுதிக்காரிகளைப் பார்த்துத் தோன்றிய யோசனை அது என்பார் அவர். சாலே எனப்படும் சிறு வீடு, மூன்று வேளைச் சாப்பாடு, கேளிக்கை எல்லாம் ஒரே வாரக் கட்டணத்தில். அங்கே யாரும் எந்தக் கதைக்குள்ளும் நுழையவில்லை, ஆனாலும் முகாம் நிரம்பியது. மழைக்குப் போக்கிடமும், காலை முதல் இரவு வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளும் கிடைத்தால் போதுமானதாக இருந்தது.

ஃபுளோரிடாவில் டிஸ்னி செய்தது இதைவிடப் பெரிய காரியம். 'ரீடி க்ரீக் ராஞ்ச்' போன்ற புனைபெயர் கம்பெனிகள் வழியாக, வாங்குவது யார் என்று தெரியாதபடி 27,000 ஏக்கருக்கு மேல் வாங்கிக் குவித்துவிட்டு, 1965 நவம்பரில்தான் விஷயத்தை வெளியே சொன்னார்கள். அனஹைமில் வாங்கியதைப்போல நூற்றெழுபது மடங்கு நிலம். 1967இல் மாநிலச் சட்டமன்றம் அந்த நிலத்துக்குத் தனி நிர்வாக மாவட்டமே அமைத்துக் கொடுத்தது. சாலை, வடிகால், கட்டட விதி எல்லாம் அதன் கையில். 1971 அக்டோபர் 1ஆம் தேதி பூங்கா திறந்தபோது அந்த நிலம் எப்படிப் பயன்பட்டது என்பதை வெளியூர்க் குடும்பம் ஒன்றின் பாதையை வைத்தே சொல்லிவிடலாம். காரில் வந்தால் வண்டியைப் பூங்கா வாசலில் நிறுத்த முடியாது. ஏரிக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, டிராமில் ஏறி ஒரு நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து படகிலோ மோனோ ரயிலிலோ ஏரியைக் கடந்தால்தான் வாசல். அந்த ஏரியே வெட்டி உண்டாக்கியது. டிஸ்னியின் கன்டெம்பரரி விடுதியில் தங்கிய குடும்பத்துக்கோ மோனோ ரயில் விடுதியின் கூடத்துக்குள்ளேயே வந்து நிற்கும். நடந்தால் பத்து நிமிடம். இரண்டு குடும்பங்களும் போவது ஒரே பூங்காவுக்கு. வித்தியாசம் முழுவதும் இரவு எங்கே படுத்தார்கள் என்பதில்.

கன்டெம்பரரியின் கூடத்தில் 90 அடி உயரத்துக்கு ஓவியர் மேரி பிளேர் வடிவமைத்த ஓட்டுச் சுவரோவியம் இருக்கிறது. அதில் ஐந்து கால் ஆடு ஒன்றும் உண்டு, தேடிப் பார்ப்பவர்கள் இன்றும் தேடுகிறார்கள். ஆனால் அறைகள் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் சற்றுத் தொலைவில் தொழிற்சாலை போட்டு, குளியலறையோடு பெட்டிபோலச் செய்து, கிரேனில் தூக்கி வைத்தவை. ஏரிக்கரையில் ஆசிய, வெனிஸ், பாரசீகப் பாணிகளில் மேலும் மூன்று விடுதிகள் திட்டத்தில் இருந்தன. 1973 எண்ணெய் நெருக்கடியில் கார் பயணம் படுத்துவிட, மூன்றும் காகிதத்தோடு நின்றன. அடுத்த பத்தாண்டுகளில் நிலம் காலியாகக் கிடக்க, எல்லைக்கு வெளியே கிஸ்ஸிமி சாலையில் மோட்டல்கள் பெருகின. அனஹைம் கதைதான், கொஞ்சம் தள்ளி. 1984இல் தலைமைக்கு வந்த மைக்கேல் ஐஸ்னர் இதைத்தான் முதலில் கவனித்தார். கிராண்ட் ஃபுளோரிடியன், கரீபியன் பீச், ஸ்வான், டால்ஃபின் என்று விடுதிகள் வரிசையாக வந்தது அதற்குப் பிறகுதான். 1994இல் ஆல்-ஸ்டார் விடுதிகள் தொடங்கின. இவற்றை அருகில் போய்ப் பார்த்தால் வேடத்தின் கனம் எவ்வளவு என்று தெரியும். மூன்று மாடி, நீளக் கட்டடம், வெளித் தாழ்வாரத்தில் திறக்கும் கதவுகள், 260 சதுர அடி அறை: கிஸ்ஸிமி சாலை மோட்டலேதான். அதன் மூலைகளில் பல மாடி உயரத்துக்குக் கிட்டார், கால்பந்துத் தலைக்கவசம், குளிர்பானக் கோப்பை. சில பொம்மைகளுக்குள் இருப்பது மாடிப்படி. போட்டியாளரின் கட்டடத்தை அப்படியே எடுத்துத் தன் நிலத்தில் வைத்து, படிக்கட்டை மூடி அழகுபடுத்தியதற்கு மேல் அங்கே பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

2005இல் வந்த மேஜிக்கல் எக்ஸ்பிரஸ் இந்தக் கணக்கை முடித்து வைத்தது. ஆர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து டிஸ்னி விடுதிக்கு இலவசப் பேருந்து. ஊரிலேயே பெட்டியில் மஞ்சள் சீட்டு கட்டிவிட்டால், அதை எடுக்கக்கூட நிற்க வேண்டாம். நேரே அறைக்கு வந்துவிடும். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வரும் தாய்க்கு இது பெரிய உதவி, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குடும்பம் வாடகைக் கார் எடுக்காது. கார் இல்லாவிட்டால் சில மைல் தொலைவில் இருக்கும் போட்டிப் பூங்காக்களான சீவேர்ல்டுக்கோ யுனிவர்சலுக்கோ போவதும் வீண் அலைச்சல். வெளியே போய் மலிவாகச் சாப்பிட்டு வருவதும் நடக்காது. ஒரு பேருந்தில் இத்தனை கதவுகள் சாத்தப்பட்டன. அந்தச் சேவை 2021 முடிவோடு நிறுத்தப்பட்டது.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மக்களை யாரும் கட்டிப் போடவில்லை. அவர்களாகவே வருகிறார்கள், திரும்பத் திரும்ப வருகிறார்கள். மதியம் வெயில் உச்சிக்கு வரும்போது நான்கு வயதுப் பிள்ளையைத் தூங்க வைத்து, குளத்தில் குளிக்க விட்டு, மாலையில் மீண்டும் பூங்காவுக்குப் போவது பக்கத்தில் தங்கினால்தான் முடியும். இதை முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வசதி அருகாமையிலிருந்து வருவது, வேடத்திலிருந்து வருவதில்லை. ஃபுளோரிடாவில் அருகாமை அரிதாக இருப்பதற்குக் காரணம், பூங்காவைச் சுற்றி வெளியார் யாரும் கட்ட முடியாத அளவுக்கு நிலம் வாங்கி வைத்ததுதான். வேடத்துக்காகவே மக்கள் வருகிறார்கள் என்பவர்கள் 2022 மார்ச்சில் திறந்த ஸ்டார் வார்ஸ் விடுதியை விளக்க வேண்டும். நூறு அறைகள், இரண்டு இரவுகள். ஜன்னலில் வெளிச்சத்துக்குப் பதிலாகத் திரையில் விண்வெளி. ஊழியர் முதல் உணவு வரை எல்லாம் கதை. நால்வர் குடும்பத்துக்கு ஏறக்குறைய ஆறாயிரம் டாலர். அதுவரை கட்டப்பட்டவற்றில் இதைவிட முழுமையான வேடம் கிடையாது. ஒன்றரை ஆண்டில், 2023 செப்டம்பரில், மூடிவிட்டார்கள். விலை அதிகம் என்பது உண்மை. வேடத்துக்கு மட்டும் தனியாக விலை போட்டால் வாங்க ஆளில்லை என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

பாரிஸின் காலி அறைகள் இந்த வெளிச்சத்தில் புதிராகத் தெரியவில்லை. அங்கேயும் நிலம் இருந்தது. ஆனால் பூங்கா வாசலுக்குப் பக்கத்திலேயே ஆர்இஆர் புறநகர் ரயிலின் கடைசி நிலையம் இருந்தது. முக்கால் மணி நேரத்தில் பாரிஸ் நடுவே போய் இறங்கலாம். பலர் பகல் முழுக்கப் பூங்காவில் கழித்துவிட்டு, இரவு வீட்டிலோ நகர ஓட்டலிலோ படுத்தார்கள். மழை பெய்யும் நவம்பரில், நியூபோர்ட் பே கிளப்பின் நியூ இங்கிலாந்துக் கடற்கரை வேடத்துக்காக அதிகப் பணம் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை. ஃபுளோரிடாவின் விடுதி முறையை நகலெடுத்தார்கள். ஃபுளோரிடாவின் தூரத்தை நகலெடுக்க முடியவில்லை.

தெருவின் வலிமை இன்னும் தீரவில்லை என்பதற்கு அனஹைமிலேயே அண்மைச் சான்று இருக்கிறது. ஹார்பர் பொலிவார்டில் பூங்கா வாசலுக்கு எதிரே நிற்கும் மோட்டல்கள் சிலவற்றிலிருந்து ஐந்தாறு நிமிடம் நடந்தால் நுழைவாயில். டிஸ்னியின் பழைய ஓட்டலிலிருந்து நடப்பது அதைவிடத் தூரம். 2016இல் நிறுவனம் அந்தச் சாலைக்குக் கிழக்கே பெரிய வண்டி நிறுத்துமிடமும், அங்கிருந்து சாலைக்கு மேலாக நேரே பூங்காவுக்கு வரும் நடைபாலமும் கட்டத் திட்டம் போட்டது. பாலம் வந்தால் நடைபாதையில் கூட்டம் இருக்காது. தங்கள் விருந்தினர் சாலையைக் கடந்து உள்ளே போகும் வழியும் சுற்றுவழியாகிவிடும் என்று மோட்டல்காரர்களும் கடைக்காரர்களும் எதிர்த்தார்கள். நகர மன்றம் வரை போன அந்தச் சச்சரவில் கதாபாத்திரம், கனவு, மாயாஜாலம் எதுவும் பேசப்படவில்லை. பேசியதெல்லாம் எந்த வாசல் எந்தச் சாலையைப் பார்த்துத் திறக்கும் என்பதுதான். திட்டம் கைவிடப்பட்டது. புதிய நிறுத்துமிடம் 2019இல் பூங்காவின் மேற்குப் பக்கம், டிஸ்னியின் சொந்த நிலத்தில் எழுந்தது. ஹார்பர் சாலை மோட்டல்களின் விருந்தினர் இப்போதும் காலையில் சிக்னலில் நின்று, பச்சை விழுந்ததும் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கம் போகிறார்கள்.