இதய வால்வு நோயில் எம்ஆர்ஐ ரத்தவோட்ட அளவீடு

இதய வால்வு இரண்டு விதமாகக் கெடுகிறது: சுருங்கி வழியை அடைக்கிறது, அல்லது சரியாக மூடாமல் ரத்தத்தைப் பின்னோக்கிக் கசியவிடுகிறது. சுருக்கத்தை எடைபோட ரத்தத்தின் வேகமே பெரும்பாலும் போதும். 1970களில் நார்வேயில் ஹோலன், லிவ் ஹாட்லே ஆகியோர், டாப்ளர் மீயொலி காட்டும் வேகத்தின் வர்க்கத்தை 4ஆல் பெருக்கி வால்வின் இருபுற அழுத்த வேறுபாட்டைக் கணிக்கும் முறையை நிலைநாட்டினர். விநாடிக்கு 4 மீட்டர் என்றால் 64 மி.மீ. பாதரசம். கசிவின் கதை வேறு. ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை மில்லிலிட்டர் திரும்பி வருகிறது என்பதே அங்கே கேள்வி. எக்கோ (இதய மீயொலிப் படம்) அதைக் கசியும் தாரையின் அகலத்தையும் வடிவத்தையும் வைத்து ஊகிக்கிறது. எம்ஆர்ஐக்கு வால்வு நோயில் உரிய இடம் இந்தக் குறையில்தான் இருக்கிறது.

எம்ஆர்ஐ ரத்தவோட்ட அளவீட்டின் வேர் எம்ஆர்ஐ படங்களுக்கும் முந்தையது. காந்த ஒத்ததிர்வால் ரத்தவோட்டத்தை அளக்கலாம் என்று சிங்கர் 1959இல் காட்டினார். மறு ஆண்டு எர்வின் ஹான் அதே இயற்பியலைக் கடல்நீரின் நகர்வை அறியப் பயன்படுத்தினார். 1973இல் லாட்டர்பர் முதல் படத்தை வெளியிட்ட பிறகு, வேகத்தையும் படத்துக்குள் பதியும் வழியை 1982இல் பால் மோரன் முன்வைத்தார். சரிவுக் காந்தப்புலத்தை ஒரு திசையிலும் உடனே எதிர்த்திசையிலும் செலுத்தினால், அசையாத திசுவில் ஹைட்ரஜன் கருக்களின் கட்ட மாற்றம் கழிந்துபோகும்; ஓடும் ரத்தத்தில் மிஞ்சும், அந்த மிச்சம் வேகத்துக்கு நேர்விகிதம். 1986இல் லண்டனில் நெய்லர், ஃபர்மின், லாங்மோர் மூவரும் இதைத் துடிப்பின் தருணந்தோறும் எடுத்துச் சலனப்படமாக்கினர். மகாதமனியின் குறுக்குவெட்டில் ஒவ்வொரு புள்ளியின் வேகத்தையும் பரப்பால் பெருக்கிக் கூட்டினால் அந்தத் தருணத்தின் ஓட்டம் கிடைக்கும்; அதைத் துடிப்பு முழுவதும் கூட்டினால் மில்லிலிட்டர் கணக்கு. 100 மி.லி. முன்னே போய் 40 மி.லி. திரும்பினால் கசிவு 40 சதவீதம். தாரையின் வடிவம் எப்படியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இது வெறும் துல்லியப் பெருமை அல்ல. 2015இல் அமெரிக்காவில் வெளியான பல மைய ஆய்வில், மிட்ரல் வால்வின் (இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலானது) கசிவின் தீவிரத்தில் எக்கோவும் எம்ஆர்ஐயும் அடிக்கடி முரண்பட்டன. அறுவைக்குப் பின் இடது கீழறை எவ்வளவு சுருங்கியது என்பதோடு எம்ஆர்ஐ அளவே நெருங்கிப் பொருந்தியது. யாருக்கு அறுவை வேண்டும் என்ற முடிவையே இது தொடுகிறது.

செலவும் நேரமும் அதிகம், துடிப்பு ஒழுங்கற்றவர்களிடம் படம் கலங்கும் என்ற மறுப்புகள் நியாயமானவை. ஆகவே எக்கோவே முதல் சோதனை; அதன் விடை ஐயத்துக்கிடமாகும்போது எம்ஆர்ஐ. கடும் சுருக்கத்தின் குறுகிய தாரையில் எம்ஆர்ஐ வேகத்தைக் குறைத்துக் காட்டலாம். அங்கே டாப்ளருக்கே முதலிடம். இவற்றைவிடக் கடுமையான மறுப்பு, அசையாத திசுவுக்கும் பொய்யான வேகம் காட்டும் பின்னணிப் பிழை. 8 சதுர செ.மீ. தமனியில் விநாடிக்கு 1 செ.மீ. பிழை ஒரு விநாடித் துடிப்பு முழுவதும் நீடித்தால், இல்லாத 8 மி.லி. கணக்கில் ஏறும், லேசான கசிவு நடுத்தரமாகத் தோன்ற இது போதும். அசையாத திசுவையோ நீர்மம் நிரப்பிய சோதனைக் கலத்தையோ அளந்து இதைக் கழிக்கலாம் என்பதால், முறையைக் கைவிட இது காரணமாகாது. திருத்தமில்லாத அறிக்கையை ஏற்காமலிருக்கவே காரணம். வால்வு அசைவதால் வரும் சிக்கலுக்கும் வழி உண்டு: மூன்று திசை வேகத்தையும் முழுக் கன அளவில் பதியும் நாற்பரிமாண ஓட்டப்படத்தில், ஸ்கேன் முடிந்த பிறகும் அளவிடும் தளத்தை அசையும் மிட்ரல் வால்வைப் பின்தொடர்ந்து வைக்க முடிகிறது.