தரவு பகிரப்படட்டும், அந்தரங்கம் காக்கப்படட்டும்

உயர்தரம் முடித்த எமது பிள்ளைகள் பின்னர் எங்கே செல்கின்றனர்? பெறுபேறுகள் பரீட்சைகள் திணைக்களத்திடமும், தொழில் விபரங்கள் ஊழியர் சேமலாப நிதியத்திடமும், கடல்கடந்தோர் விபரங்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடமும் உள்ளன. இவற்றை இணைத்துப் பார்த்தாலன்றி, படுவான்கரையிலோ காத்தான்குடியிலோ எந்தத் தொழிற்பயிற்சி பயன் தருகின்றது என்பதை அறிவது கடினம்.

ஆயினும், பெயர்ப்பட்டியல் என்றாலே அஞ்சும் நிலையை யுத்தகாலம் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் விட்டுச் சென்றுள்ளது. தமிழரும் முஸ்லிம்களும் இதனை நன்கறிவர். அச்சமுள்ள இடத்தில் உண்மைத் தகவல் கிடைக்காது.

இதற்கு வழி உண்டு. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வீடுவீடாகத் திரட்டும் தனிநபர் விபரங்களை வெளியிடுவதில்லை, தொகுப்பையே வெளியிடுகின்றது. அவ்வாறே, தரவுகளை இணைக்கும் பணி ஒரே நிறுவனத்திடம் இருத்தல் வேண்டும். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் நீக்கப்பட்ட பின்னரே ஏனைய திணைக்களங்களுக்கு அவை வழங்கப்பட வேண்டும். ஒரு கிராமத்தில் இருவரே உள்ளனரெனில் அவ்வெண்ணும் மறைக்கப்படல் வேண்டும்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரச நிறுவனங்களுக்கும் உரியது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் பிரதான ஏற்பாடுகள் பிற்போடப்பட்டன. பகிர்வுக்கு முன்பே பாதுகாப்பு உறுதிசெய்யப்பட வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு.