சிட்னி கோவ் கப்பலும் சாகாத ஈஸ்ட்டும்

1796 நவம்பரில் கல்கத்தாவிலிருந்து ‘சிட்னி கோவ்’ என்ற கப்பல் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. கல்கத்தாவில் இருந்த காம்பல் அன்ட் கிளார்க் கம்பனியின் கப்பல். இந்தச் சரக்கு வேண்டும் என்று சிட்னியிலிருந்து யாரும் ஓடர் கொடுத்திருக்கவில்லை. ஆனால் பிரித்தானியா தன் கைதிகளைக் கொண்டுபோய் இறக்கிய அந்தக் குடியேற்றத்துக்கு அப்போது 9 வயது கூட ஆகவில்லை. அங்கே எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு, குடிக்கு மட்டும் என்ன விலை சொன்னாலும் ஆள் இருக்கும். அதுதான் வியாபாரிகளின் கணக்கு. அரிசி, தேயிலை, துணி, சீனப் பீங்கான் எல்லாம் ஏற்றினார்கள். அதற்கு மேலே ரம்மும் பியருமாக நிறையக் குடிவகை.

வழியிலேயே கப்பல் ஒழுகத் தொடங்கிவிட்டது. வேலையாட்களில் பெரும்பகுதி லஸ்கர்கள், அதாவது இந்தியத் துறைமுகங்களில் கூலிக்கு எடுக்கப்பட்ட கடலோடிகள். தென்கடல் குளிரில் இரவு பகலாகப் பம்பு அடித்தே அவர்களில் சிலர் செத்துப்போனார்கள். 1797 பெப்ரவரியில், இனி ஓட்ட ஏலாது என்ற நிலையில், தஸ்மானியாவுக்கு வடக்கே ஒரு சின்னத் தீவின் கரையோரம் கப்பலைத் தரைதட்ட விட்டார்கள். அந்தத் தீவுக்கு இன்று பிரிசர்வேஷன் தீவு என்று பெயர். பக்கத்தில் ரம் தீவு என்று இன்னொன்று இருக்கிறது. மாலுமிகள் குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் ரம்மை மட்டும் அங்கே கொண்டுபோய் வைத்தார்களாம். ஆட்கள் ஒரு தீவில், சாராயம் இன்னொரு தீவில்!

மீதிச் சரக்கு கப்பலோடு தாண்டது. 1977இல் சுழியோடிகள் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். அகழாய்வில் வெளியே வந்த பொருட்களில், தக்கை இறுக்கியபடியே இருந்த போத்தல்களும் இருந்தன. அவை லோன்செஸ்டன் நகரத்தில் உள்ள குயீன் விக்டோரியா அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கே கன வருஷம் சும்மா கிடந்தன. பிறகு அங்கே வேலை செய்த டேவிட் தரோகுட் என்ற இரசாயனவியலாளர், உள்ளே இருப்பது பியர் மாதிரித் தெரியுதே, அப்படியென்றால் ஈஸ்ட்டும் இருக்க வேணுமே என்று தேடத் தொடங்கினார். இருந்தது. அதுவும் உயிரோடு.

எங்கள் ஊர் ஆட்களுக்கு ஈஸ்ட் என்றால் என்னவென்று பெரிதாக விளக்கத் தேவையில்லை. பனையில் கட்டும் முட்டிக்குச் சுண்ணாம்பு தடவினால் கருப்பணி, தடவாவிட்டால் கள்ளு. அந்த வித்தியாசத்தைச் செய்வது ஈஸ்ட். அப்ப மாவைப் புளிக்க வைக்கக் கொஞ்சம் கள்ளு விடுகிறோமே, அப்போது மாவுக்குள் போவதும் அதுதான். சீனியைத் தின்று மதுசாரமும் வாயுவும் விடும் ஒற்றைக்கல உயிர். சீனி முடிந்தால் உடனே சாகாது. உடம்புக்குள் சேர்த்து வைத்ததை மெல்ல மெல்லச் செலவழித்து, கிட்டத்தட்ட அசையாமல் போத்தலின் அடியில் படிந்து கிடக்கும். சில இனங்கள் வித்தியாக மாறிப் பசியைத் தாண்டும். இருட்டும் குளிரும் நல்லாய் உதவும். கடலடியில் இரண்டும் தாராளம்.

எழுப்புகிற முறை வீட்டில் பியர் காய்ச்சுகிற ஆட்களுக்குப் பழக்கமானதுதான். பழைய போத்தலைத் திறந்து, அடிமண்டியில் கொஞ்சம் எடுத்து, ஐதான மோல்ட் கரைசலில் விடுவார்கள். ஐதாக இருக்க வேணும் என்பது முக்கியம். பல வருஷம் பட்டினி கிடந்தவருக்கு முதல் நாளே பிரியாணி கொடுக்கக்கூடாது, கஞ்சிதான். அளவும் சில மில்லிலீற்றர் தான். நுரை வந்தால் இன்னும் கொஞ்சம் பெரிய பாத்திரம், பிறகு அதைவிடப் பெரியது. இடையில் ஏகார் தட்டில் கீறி வளர்த்து, தனித்தனிக் குடியிருப்புகளாகப் பிரித்தெடுப்பார்கள். நாட்கணக்கில், சிலவேளை வாரக்கணக்கில் ஒன்றுமே நடக்காது. அடிக்கடி கடைசியில் வளர்ந்து நிற்பது பூஞ்சணம்.

இங்கேதான் வரலாறு படிக்கிற எங்களுக்குக் கை துருதுருக்கிறது. ஒரு பழைய ஓலையோ கடிதமோ கிடைத்தால் முதலில் என்ன கேட்போம்? இது அசலா, பிறகு யாரும் கை வைத்தார்களா? ஈஸ்ட்டிடமும் அதைத்தான் கேட்க வேண்டும். ஈஸ்ட் காற்றில் இருக்கிறது, பழத்தோலில் இருக்கிறது, ஆய்வுகூடத்து மேசையில் இருக்கிறது. போத்தலைத் திறந்தவர் காலையில் பாண் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம் தானே! இந்த விசாரணையில் சிட்னி கோவ் ஈஸ்ட் ஓரளவு நன்றாகவே நிற்கிறது. அதன் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது இன்றைய பியர், பாண் ஈஸ்ட்டுகளிலிருந்து விலகியே இருந்தது. வழமையான ஈஸ்ட்டோடு பிரெட்டனோமைசிஸ் என்ற இன்னொரு வகையும் வளர்ந்தது. 1904இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுகூடத்தில் கிளாவுசன் என்பவர், நெடுநாள் வைத்துப் பழுக்கவிட்ட ஆங்கிலேய பியரின் தனிச் சுவைக்குக் காரணம் என்று பிரித்துக் காட்டியது இதைத்தான். 18ஆம் நூற்றாண்டுப் போத்தலில் அது இருப்பது காலத்துக்குப் பொருந்துகிறது. பொருந்துகிறது என்பதற்கு மேலே சொல்ல எங்களுக்குத் தைரியமில்லை.

எல்லாப் போத்தலும் பேசாது. பின்லாந்தின் ஓலாண்ட் தீவுகளுக்குப் பக்கத்தில் 2010இல், 1840களில் தாண்ட ஒரு கப்பலிலிருந்து பியர்ப் போத்தல்கள் எடுத்தார்கள். அதில் உயிருள்ள ஈஸ்ட் இல்லை, சில லக்ரிக் அமில பக்ரீரியாக்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. இஸ்ரேலில் 2019இல் வெளியான ஆய்வு இன்னும் துணிச்சலானது. ஆயிரக்கணக்கான வருஷம் பழைய பானைகளின் துளைகளிலிருந்து ஈஸ்ட் எடுத்து பியர் காய்ச்சினார்கள். பானையில் இருப்பது அன்றைய கலம் அல்ல, அதன் வழிவந்த சந்ததி என்பது அவர்கள் வாதம். எங்களுக்கு அந்த பியரைவிட அவர்கள் செய்த ஒப்பீடுதான் பிடித்தது. அருகிலிருந்த மண்ணையும், மது வைக்காத பானைகளையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

கார்ல்ஸ்பெர்க் கதை இதைவிடச் சுகமானது. 1883இல் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரேயொரு கலத்திலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார்; கம்பனி அதை மற்ற மதுவாலைகளுக்கும் இலவசமாகக் கொடுத்தது. 2013இல் பழைய நிலவறையில் அந்தக் காலத்துப் போத்தல் கிடைத்து, அதில் ஈஸ்ட் உயிரோடிருக்க, 2016இல் அதைக் கொண்டு திரும்பவும் காய்ச்சினார்கள். பரம்பரை முழுக்க எழுத்தில் இருக்கிறது, சந்தேகத்துக்கு இடம் குறைவு. நல்ல விளம்பரமும்கூட.

சிட்னி கோவில் எங்களுக்குக் குத்துகிற இடம் வேறு. கப்பல் தட்டிய பிறகு உதவி கேட்டு 17 பேர் ஒரு படகில் புறப்பட்டார்கள். 5 பேர் ஐரோப்பியர், 12 பேர் லஸ்கர்கள். அந்தப் படகும் உடைந்தது. அவுஸ்திரேலியாவின் தென்கிழக்குக் கரையோரமாக 600 கிலோமீற்றருக்கும் மேலே நடந்தார்கள். வழியில் ஆதிக்குடி மக்கள் சில இடங்களில் மீன் கொடுத்தும் ஆறு கடக்க உதவியும் இருக்கிறார்கள், சில இடங்களில் மோதலும் நடந்திருக்கிறது. மே மாதம் சிட்னிக்குத் தெற்கே ஒரு மீன்பிடிப் படகு கண்டெடுத்தபோது மிஞ்சியது 3 பேர். வில்லியம் கிளார்க், ஜோன் பெனட், பிறகு ‘ஒரு லஸ்கர்’. கிளார்க்கின் நாட்குறிப்பு கல்கத்தாப் பத்திரிகையில் அச்சேறியது. மூன்றாவது ஆள் வழமையாகக் கதைகளில் அப்படித்தான் வருகிறார்.

போத்தலில் கிடந்த ஈஸ்ட்டின் மரபணு வரிசை இன்று தெரியும். 2018இல் அதில் காய்ச்சிய பியர் கடைக்கும் வந்துவிட்டது. பம்பு அடித்துச் செத்தவர்களுக்குப் பெயர் தேடப் போனால் வழி மிகக் குறுகல். லஸ்கர்களைத் தனித்தனியாக அல்ல, சேரங் என்ற தலைவன் மூலம் கூட்டமாகவே எடுப்பார்கள். சம்பளப் பேச்சும் அவனோடுதான். கப்பல்காரர்களுக்கு எத்தனை பேர் என்று தெரிந்தால் போதும். தீவில் மிஞ்சியவர்களை ஏற்றிவரப் போன ‘எலிசா’ என்ற சிறு கப்பலும் திரும்பும் வழியில், அதில் ஏறிய லஸ்கர்களோடு, காணாமல் போய்விட்டது.