மதிப்பெண் போடும் கை யாருடையது?

போன மாதம் ஒரு நர்சிங் மாணவி என்னைப் பார்க்க வந்தார். எழுத்துத் தேர்வில் வகுப்பின் முதல் ஐந்து பேரில் ஒருவர். ஆனால் வார்டு வேலைக்கும் வைவாவுக்கும் டியூட்டர் போடும் இன்டர்னல் மார்க்கில் மட்டும் ஒவ்வொரு முறையும் கடைசி. "ஸ்காலர்ஷிப் ஃபார்ம்ல கையெழுத்து வாங்கப் போன நாள்லேருந்துதான் அக்கா இப்படி" என்றார். அந்த ஃபார்மில்தான் அவர் சாதி எழுதியிருக்கிறது. "நான் இன்னும் நல்லாப் படிச்சா சரியாயிடுமா?" என்று கேட்டார்.

தோழர்களே, இதே கேள்வியை அமெரிக்காவின் கறுப்பினச் செவிலியர்கள் எழுபது ஆண்டுகள் சுமந்தார்கள்.

மேரி மஹோனி பாஸ்டனில் ஒரு மருத்துவமனையில் சமையல், சலவை, துப்புரவு வேலைகளைப் பல ஆண்டுகள் செய்தவர். 1878இல் அதே மருத்துவமனையின் செவிலியர் பள்ளியில் சேர்ந்தார். உடன் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பாதியிலேயே நின்றுவிட, 1879இல் படிப்பை முடித்தார். பயிற்சி பெற்ற முதல் கறுப்பினச் செவிலியர் அவர்தான். நன்றாகப் படித்தால் போதும் என்பது உண்மையானால், அன்றோடு கதவு திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பெரும்பாலான பள்ளிகள் கறுப்பின மாணவிகளைச் சேர்க்கவே இல்லை. ஒருவர் ஜெயித்தால் அவரை விதிவிலக்கு என்று பாராட்டிவிட்டு விதியை அப்படியே வைத்துக்கொள்வது ஆதிக்கத்தின் பழைய வழக்கம்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் 1908இல் மார்த்தா பிராங்க்ளின் முன்முயற்சியில் நியூயார்க்கில் கூடி, கறுப்பினப் பட்டதாரிச் செவிலியர்களுக்கான தேசியச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு பாஸ்டனில் நடந்த முதல் மாநாட்டில் வரவேற்புரை ஆற்றியவர் மஹோனி. தனி ஒருத்தியாகப் படித்து முடித்தவர், முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு சங்கத்தின் மேடையில் நின்றார்.

அந்தச் சங்கத்துக்கு 1934இல் தலைவரானவர் எஸ்டெல் ஆஸ்போர்ன். 1931இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில், செவிலியக் கல்வியில் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். ஹார்லெம் மருத்துவமனையின் செவிலியர் பள்ளியில் பாடம் நடத்தியவர். அதாவது, மதிப்பெண் போடும் நாற்காலியில் உட்கார்ந்தவர்.

இரண்டாம் உலகப் போரில் செவிலியர் தேவை பெருகியது. செவிலியர் பயிற்சிக்கு நிதி தரும் சட்டம் 1943இல் வந்தபோது, இனப் பாகுபாடு கூடாது என்ற விதியும் அதில் இருந்தது. அதே ஆண்டு போர்ப்பணிக்கான தேசியச் செவிலியர் குழுவின் ஆலோசகரானார் ஆஸ்போர்ன். இரண்டே ஆண்டுகளில் கறுப்பின மாணவிகளைச் சேர்க்கும் பள்ளிகள் 14இலிருந்து 38 ஆயின. பள்ளி நிர்வாகிகளின் மனம் திடீரென்று மாறிவிடவில்லை. நிதியோடு நிபந்தனை வந்தது. அந்த நிபந்தனையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்ட ஆட்கள் இருந்தார்கள். 1948இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் நிறத்தடையை நீக்கியது. 1951இல் கறுப்பினச் செவிலியர் சங்கம் தன்னைக் கலைத்துக்கொண்டது.

நம் நாட்டுக்கு வருவோம். டெல்லி எய்ம்ஸில் சாதிப் பாகுபாட்டை விசாரிக்க 2006இல் சுகதேவ் தோரட் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு இல்லை என்று, பதிலளித்த எஸ்சி, எஸ்டி மாணவர்களில் 69 சதவீதம் பேர் சொன்னதை 2007இல் வந்த அறிக்கை பதிவு செய்தது. செய்முறைத் தேர்விலும் வைவாவிலும் நடக்கும் பாகுபாடும் அதில் பதிவானது. அதுவரை "உன் மனப்பிரமை" என்று தள்ளப்பட்டது, எல்லோரும் சேர்ந்து சொன்னபோது ஆவணமானது.

அந்தத் தங்கைக்கு நான் சொன்ன பதில் இதுதான். நன்றாகப் படி, ஆனால் அது மட்டும் போதாது. எந்தத் தேதி, எந்த வார்டு, என்ன சொன்னார்கள், என்ன மார்க் என்று ஒரு நோட்டில் எழுது. மார்க் எந்த அடிப்படையில் போடப்பட்டது என்று எழுத்தில் கேள். உன்னைப் போல இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று தேடு. புகாரைச் சேர்ந்து கொடுங்கள். கல்லூரி அசைந்து கொடுக்காவிட்டால் ஆணையத்துக்குப் போவோம், நான் கூட வருகிறேன். படிப்பை மட்டும் விட்டுவிடாதே. எம்.எஸ்சி. முடித்து ஒருநாள் நீயும் டியூட்டராகத் திரும்பி வர வேண்டும்.

மறுவாரம் நோட்டோடு வந்தார். கூடவே இன்னும் இரண்டு மாணவிகள் வந்திருந்தார்கள்.